வெள்ளியங்கிரி கிளம்புகிறது

கப்பலில் பீரங்கிகள் இல்லை என்பதைத்தான் தாரணி முதலில் கவனித்தாள்.

அன்று லேபில் வேலை குறைவு. பல்லுக்குப் போடும் பீங்கான் கேப்களுக்கு நிறம் பார்த்துத் தீட்டுவது அவள் வேலை. காந்திபுரத்தில் ஒரு மாடியில் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் இரண்டு மணிக்குள் எழுந்துவிடலாம். கணபதியில் இருந்த வாடகை வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்தபோது மணி மூன்று. ஐந்து மாதமாகத் தொடாமல் கிடந்த, கண்ணை முழுக்க மூடும் வி.ஆர். விளையாட்டுக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

அந்த விளையாட்டின் பெயர் ‘தொலைமீன்’. பால்வெளி முழுவதையும் நாற்பதாயிரம் கோடி நட்சத்திரங்களோடு அதற்குள் வைத்திருந்தார்கள். உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் அதில் கப்பல் ஓட்டினார்கள். சிலர் சண்டை போட்டார்கள், சிலர் தாது வெட்டினார்கள், சிலர் ஏதாவது ஒரு நிலாவில் தளம் அமைத்துக் குடியேறினார்கள். அவள் கணவன் சபரிநாதன் கல்லூரியில் படிக்கும்போது தொடங்கிய கணக்கு அது. முதல் கப்பல் வாங்கிய வருடம் அவன் வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி வந்திருந்ததால் கப்பலுக்கும் அந்தப் பெயரையே வைத்தான். கல்யாணத்துக்குப் பிறகு தாரணியும் அதே கணக்கில் உள்ளே போய்வந்தாள். அவளைப் பொறுத்தவரை அது அவன் விளையாட்டு. அவள் சும்மா பார்த்துக்கொள்கிறவள்.

கோவில்பாளையத்தில் சொந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்ட வாரம் இருவருமே விளையாட்டை நிறுத்தினார்கள். ஒரு நிலாவில் அவர்கள் அமைத்திருந்த தளத்தை யாரும் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, கம்பெனி புதிதாகக் கொண்டுவந்திருந்த ‘பதிலி’யை சபரி இயக்கி வைத்தான். ஆட்டக்காரர் இல்லாத நேரத்தில் அவர் இருந்தால் என்ன செய்வாரோ அதைப் பதிலி செய்யும். பழைய ஆட்டங்களைப் பார்த்து அது தானே கற்றுக்கொள்ளும். தாது ஏற்றி இறக்கிக்கொண்டு கிடக்கும் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

இப்போது கப்பல் தளத்தின் கொட்டகையில் நின்றது. பீரங்கிகள் இருந்த இடத்தில் சுத்தமாக மூடிய தகடுகள். சரக்கு அறைகளும் இல்லை. அவற்றுக்குப் பதிலாக, எரியும் நட்சத்திரத்தின் விளிம்பை உரசிக்கொண்டு போய் எரிபொருளை அள்ளும் பெரிய கருவி ஒன்று மாட்டியிருந்தது. கூடுதல் எரிபொருள் தொட்டி, பழுது பார்க்கும் சாமான்கள். எடையைக் குறைத்துக் குறைத்து, ஒரே தாண்டலில் முப்பத்தெட்டு ஒளியாண்டு போய்க்கொண்டிருந்த கப்பல் எழுபத்தொன்று போகும்படி ஆகியிருந்தது.

நெடுந்தூரப் பயணத்துக்கான தயாரிப்பு. அதுவரை பயமில்லை. ஆச்சரியம்தான். சட்டையைக் கழற்றினால் நாற்காலி மேல் போடுகிற மனுஷனுக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று நினைத்தாள்.

மறுநாள் இரண்டாவது இருக்கை இல்லை.

வெள்ளியங்கிரியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இன்னொரு இருக்கை உண்டு. அவர்கள் எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்காரும்போது அதில்தான் அவள் இருப்பாள். அதைக் கழற்றியதில் மிச்சமான எடை மிகக் குறைவு. வியாழக்கிழமை தொடர்பு ஆண்டெனா போயிற்று. வெள்ளிக்கிழமை ‘திரும்பும் துறைமுகம்’ என்ற பதிவு அழிந்திருந்தது. கப்பல் எங்கே உடைந்தாலும் ஆட்டக்காரர் மறுபடி கண்விழிக்கும் இடம் அது. அதை யாரும் அழிப்பதில்லை. அழிக்க முடியும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

வரைபடத்தைத் திறந்தாள். பால்வெளியின் விளிம்பைத் தாண்டி, எதோடும் சேராமல் தனியாக நிற்கும் ஒரு நட்சத்திரம் வரை கோடு போட்டிருந்தது. அந்தக் கடைசித் தாண்டலை எந்தக் கப்பலாலும் சாதாரணமாகத் தாண்ட முடியாது. ஒரே ஒரு தடவை இரட்டைத் தூரம் போகவைக்கும் ஒரு கலவை வேண்டும். போக ஒரு குப்பி, திரும்ப ஒரு குப்பி. பதிலி ஒன்றைத்தான் ஏற்றியிருந்தது. இன்னொன்றுக்கு இடம் காலியாகவே இருந்தது.

கண்ணாடிக்குள் ஓட்டுநர் இருக்கையில் பதிலி உட்கார்ந்திருந்தது. தலைக்கவசத்துக்குள் முகம் கிடையாது, கறுப்புத்தான். வேலை எல்லாம் முடிந்துவிட்டது போலிருக்கிறது. கொட்டகையின் திறந்த வாயையும் அதற்கப்பால் இருந்த இருட்டையும் பார்த்துக்கொண்டு அது அசையாமல் இருந்தது. தாரணியும் அதன் பின்னால் நின்று பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றியபோது ஐந்தரை மணி. அவ்வளவு நேரம் நின்றது அவளுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் தஸ்தகீர் ஃபோன் செய்தான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கர். எட்டு வருடமாக சபரியோடு விளையாடுகிறவன். இரண்டு தடவை வீட்டுக்கும் வந்திருக்கிறான்.

“அண்ணி, அண்ணன் நல்லாருக்காரா?” என்றான்.

நன்றாகத்தானே இருக்கிறார், என்ன விஷயம் என்று கேட்டாள். அண்ணன் நிலாத் தளத்தை முழுக்கத் தன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். கேட்டால் பதில் இல்லையாம். பரிசுக் குறிப்பில் ‘எல்லாரும் நல்லா இருங்க’ என்று ஒரு வரி மட்டும் இருந்ததாம்.

“அது அவர் செஞ்சதில்லைங்க. பதிலி ஓடிட்டிருக்குது.”

“தெரியும் அண்ணி. அதனாலதான் கூப்பிட்டேன். பதிலி சும்மா வெளையாடறதில்ல. ஆளோட மனசுல இருக்கறதைத்தான் அது செய்யும். எங்க ஆளுங்க நடுவுல ஒரு பேச்சு இருக்கு. பதிலி மொதல்ல போகும், ஆள் அப்புறம் போவான்னு.”

ஹாசனில் ஒரு வாத்தியார். கொல்லத்தில் ஈ.சி.ஜி. எடுக்கும் ஒருவர். இரண்டு பேருடைய பதிலிகளும் இப்படித்தான் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுக் கிளம்பினவாம். வாத்தியார் மூன்று வாரம் கழித்து வேலையை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டார். கொல்லத்துக்காரரை இன்னும் தேடுகிறார்கள். நிஜமோ புரளியோ தனக்குத் தெரியாது, அண்ணனைத் தனியாக விடவேண்டாம், அவ்வளவுதான் என்று சொல்லி வைத்துவிட்டான்.

அன்றிலிருந்து தாரணி கணவனைப் பார்க்கத் தொடங்கினாள்.

சபரிநாதன் குறிச்சியில் பம்ப்செட் தயாரிக்கும் ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். காலை ஆறரைக்குப் போய் மாலை ஆறரைக்கு வருவான். ஆலையிலிருந்து நேராகக் கோவில்பாளையம் வரை போய், கட்டுகிற சுவருக்குத் தண்ணீர் அடித்தார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வருவான். கதவுக்கு எந்த மரம், குளியலறைக்கு எந்த டைல்ஸ் என்று பேசிக்கொண்டே சாப்பிடுவான். ஒரு குறையும் கண்ணில் படவில்லை. அதுவே அவளை உலுக்கியது. முடிவெடுத்தவர்களுக்கு முகம் தெளிந்துவிடும் என்று எங்கோ படித்திருந்தாள். அவன் சிரித்தால் பயந்தாள். அவன் குளிக்கும்போது பையைத் திறந்து பார்த்தாள். டிபன் பாக்ஸும் ஓர் அளவு டேப்பும் இருந்தன. மத்தியானம் இரண்டு தடவை ஃபோன் செய்து சாப்பிட்டாரா என்று கேட்டாள். அவன் அந்த அக்கறையில் மகிழ்ந்துபோய் ஒருநாள் மல்லிகைப்பூ வாங்கி வந்தான். அதைத் தலையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்று சத்தமில்லாமல் அழுதாள்.

இதற்கிடையில் சபரியின் ஃபோனுக்கு ஓர் அறிவிப்பு வந்து, அவன் பார்க்காமல் கிடந்தது. ‘உங்கள் பதிலி நெடும்பயணத்துக்கு அனுமதி கோருகிறது.’

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் புது வீட்டின் கூடத்தில் டைல்ஸ் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தான். வேலையாட்கள் வரவில்லை. பூசாத சுவரில் சாய்ந்து நின்றிருந்த தாரணி கேட்டாள்.

“ஏனுங்க, என்னைய விட்டுட்டுப் போறதுக்கு நெனச்சிருக்கீங்களா?”

அவனுக்குப் புரியவில்லை. எங்கே போவது என்று கேட்டான். அவள் முதலிலிருந்து சொன்னாள். பீரங்கி, இருக்கை, ஆண்டெனா, ஒற்றைக் குப்பி, தஸ்தகீர் சொன்ன கதை. அவன் ஃபோனை எடுத்து அந்த அறிவிப்பைத் திறந்தான். கப்பலின் படம் வந்தது. மெலிந்து, ஒன்றுமே மிச்சமில்லாமல், எலும்பு மாதிரி.

சிரித்துவிடுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான்.

“எனக்கு அப்படியொண்ணும் தோணுனதில்ல தாரணி,” என்றான். கப்பலின் படத்தை மறுபடி பார்த்துவிட்டு, “தோணியிருந்து எனக்குத் தெரியலையோ என்னமோ,” என்றான்.

அன்று முழுக்க அவன் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு திரிந்தான். ஸ்கூட்டரை அவளை ஓட்டச் சொன்னான். மாடிக்குப் போகவில்லை. ஆலையில் போன மாதம் ஒருநாள் கேட்டுக்கு வெளியே வந்து, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றதாக, குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன்போலச் சொன்னான். அப்படி எல்லோரும்தான் நிற்பார்கள் என்று அவள் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. நாற்பது வயதில் தனக்குள்ளே இன்னொரு ஆள் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டால் யாருக்குத்தான் தன் மேல் நம்பிக்கை இருக்கும்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு விளையாட்டுக் கம்பெனியைக் கூப்பிட்டான். சென்னையிலிருந்து ஷோபனா என்ற பெண் பேசினாள். தாரணியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான். இந்த மாதிரி அழைப்புகள் ஷோபனாவுக்குப் புதிதில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

பதிலி எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று கேட்டான்.

“நீங்க செஞ்சதை மட்டும் பாக்காது சார். செய்யப்போயி நிறுத்தினதையும் பாக்கும். ஒரு பாகத்தைக் கழட்டலாம்னு தெறந்துட்டு மூடிடறீங்க. அப்படி ஒரு தடவை செஞ்சா அது கைத்தவறல். நூறு தடவை செஞ்சா அது ஆசை. அப்படித்தான் அது எடுத்துக்கும்.”

“நான் அப்படியெல்லாம் தெறந்ததில்லீங்களே.”

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. ஷோபனா ஏதோ தேடிப் பார்க்கிறாள் என்று புரிந்தது. பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது.

“சார், இந்தக் கணக்குல ரெண்டு கை இருக்குது. ஒண்ணு ஞாயித்துக்கிழமை மட்டும் வருது. வேகமா இருக்கும், நிறைய சுடும். இன்னொண்ணு வாரநாள்ல மூணு மணிக்கு வரும், அஞ்சு மணிக்குப் போயிடும். ஆறு வருஷமா வருது. மொத்த நேரத்துல முக்கால்வாசிக்கு மேல அந்தக் கைதான். ரெண்டாவது சீட்டைக் கழட்டற பக்கத்தை எரநூத்திப் பன்னெண்டு தடவை தெறந்து மூடியிருக்கு. எல்லா வேலையும் முடிஞ்சதும் வரைபடத்தோட விளிம்புக்குப் போயி அங்கேயே நிக்கும். பதிலி கத்துக்கிட்டது அதுகிட்டதான். இது உங்க பதிலி இல்லீங்க சார்.”

சபரிநாதனின் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. ஒரு நொடிதான். தன்னுடையது இல்லை என்ற நிம்மதி. பிறகுதான் அவன் திரும்பி மனைவியைப் பார்த்தான். அந்த ஒரு நொடியை தாரணி பார்த்துவிட்டாள். தான் பார்த்ததை அவனும் பார்த்தான் என்பது அவளுக்குத் தெரிந்தது.

அனுமதி கொடுக்கவோ மறுக்கவோ மூன்று நாள் இருப்பதாகவும், மறுத்தால் பதிலி கற்றது எல்லாம் அழிந்துவிடும் என்றும் ஷோபனா சொன்னாள். யாரிடமாவது பேசவேண்டும் என்று தோன்றினால் ஓர் ஆலோசனை எண் தருவதாகவும் சொன்னாள். சபரி அதைக் குறித்துக்கொண்டு ஃபோனை வைத்தான்.

“எனக்குத் தெரியாதுங்க,” என்றாள் தாரணி. “சத்தியமா எனக்குத் தெரியாது.”

அது உண்மை. விளிம்பில் போய் நின்றது ஞாபகம் இருந்தது. அங்கே சத்தம் இருக்காது. எதையும் யாருக்கும் எடுத்து வைக்க வேண்டியதில்லை. அதை ஆசை என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. அவளுக்கு இங்கே என்ன குறை என்று யார் கேட்டாலும், அவளே கேட்டாலும், சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. அந்தக் கொட்டகையில் பதிலியின் பின்னால் இரண்டு மணி நேரம் நின்றபோது பயப்படவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. அவனுக்காகத்தான் பயந்திருக்கிறாள். அந்த இருட்டுக்காக இல்லை.

அவன் கத்தவில்லை. நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். நீயே முடிவு சொல்லு என்றான். அவள் யோசிக்காமல், நிறுத்தச் சொல்லிவிடுங்கள் என்றாள்.

இரண்டு நாள் அவன் ஒன்றும் செய்யவில்லை. மூன்றாம் நாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபடி சொன்னான்.

“நிறுத்தி வெச்சா அந்த நெனப்பு எங்க போகும் தாரணி? திரும்ப உங்கிட்டதான வரணும்.” ஃபோனைத் திறந்து அனுமதி பட்டனை அமுக்கினான். “அது போகட்டும். நீ இரு.”

கேட்கிறானா சொல்கிறானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

வெள்ளியங்கிரி அன்று மத்தியானம் மூன்று மணிக்குக் கிளம்பியது. லேபிலிருந்து வந்து, சாப்பிடாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். கொட்டகையின் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. முகமில்லாத தலை ஒருமுறையும் திரும்பவில்லை. முதல் தாண்டலில் நட்சத்திரங்கள் கோடாக இழுபட்டன. ஆண்டெனா இல்லாததால் படம் அத்தோடு நின்றது. ‘தொடர்பில் இல்லை’ என்று எழுத்து வந்தது. தாரணிக்குப் பொறாமையாக இருந்தது. வேறு எந்தப் பெயரும் அதற்குப் பொருந்தவில்லை.

தை மாதம் புது வீட்டுக்குக் குடிபோனார்கள். கிரகப்பிரவேசத்துக்கு நூறு பேருக்கு மேல் வந்தார்கள். சபரியின் அக்கா ருக்குமணி கோபியிலிருந்து முந்தின நாளே வந்துவிட்டாள். வந்ததிலிருந்து தம்பியை விட்டு நகரவில்லை. அவன் மாடிக்குப் போனால் பின்னாலேயே போனாள். ருக்குமணியின் கணவர் ஸ்கூட்டர் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். இலை போடும் நேரத்தில் தஸ்தகீரும் வந்து, அண்ணன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான்.

என்ன நடக்கிறது என்று தாரணிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சமையல் கூடாரத்தின் ஓரத்தில் ருக்குமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த தஸ்தகீர் பையன் எனக்கு ஃபோன் பண்ணி எல்லாஞ் சொன்னான் சாமி. நான் இவங்கிட்டயே கேட்டேன். ஆமாக்கா, அது என்னோட பதிலிதான், அப்போ மனசு செரியில்ல, இப்போ பரவால்லைன்னான். நீ எப்படித்தான் தாங்குனயோ. கவலைப்படாத, நாங்க இவனை ஒரு நிமிசம் தனியா விடமாட்டோம்.”

தாரணி கூடத்தைப் பார்த்தாள். எல்லோர் கண்ணும் அவன் மேல்தான் இருந்தது. அவன் சிரித்து, தலையாட்டி, பாயசம் வேண்டாம் என்று கைகாட்டிக்கொண்டிருந்தான். பொய்யான ஒரு நோயை எடுத்து மாட்டிக்கொண்டு, அதற்கான காவலையும் சகித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளை ஒருவரும் பார்க்கவில்லை.

திருப்பூர் சொந்தக்காரர்களை வழியனுப்ப அவள் கேட் வரை போனாள். சத்தியமங்கலம் போகும் சத்தி ரோடு கூப்பிடு தூரம். அவர்கள் கார் போன பிறகும் அங்கேயே நின்றாள். பட்டுப்புடவை, கையில் ஃபோன்கூட இல்லை, இடுப்பில் செருகிய சுருக்குப்பையில் தாம்பூலத்துக்கென்று வைத்த சில்லறை. திரும்பிப் பார்த்தாள். திறந்திருந்த கதவு வழியாக, ஆட்களின் நடுவிலிருந்து சபரி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிடுவான் என்று நின்றாள். அவன் பார்வையை எடுத்துப் பக்கத்திலிருந்த தஸ்தகீரிடம் ஏதோ பேசத் தொடங்கினான்.

அவள் ரோட்டுக்கு நடந்தாள். முதலில் வந்த பஸ்ஸில் ஏறினாள்.

திரும்பி வந்தபோது மணி ஆறு இருக்கும். விருந்தினர்கள் போயிருந்தார்கள். ருக்குமணி உள்ளறையில் அசந்து தூங்கினாள். சபரி சமையலறையில், இன்னும் ஸ்டிக்கர் பிரிக்காத மேடை முன்னால், மிச்சப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தான். தஸ்தகீர் ரயிலுக்குக் கிளம்பிவிட்டானாம். யாராவது தேடினார்களா என்று அவள் கேட்டாள். தலைவலி என்று பக்கத்து வீட்டில் படுத்திருப்பதாகச் சொன்னேன் என்றான்.

ஒரு தட்டில் அவளுக்குச் சோறு எடுத்து மூடி வைத்திருந்தான். அவள் தரையில் உட்கார்ந்து பிசைந்தாள்.

“அன்னூரு வரைக்கும் போனனுங்க,” என்றாள்.

“கூட்டமா இருந்துச்சா?”

“இல்லீங்க. ஜன்னல் சீட்டு கெடச்சுது.”

அவன் தண்ணீரை நிறுத்தினான். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு அவளுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தான். ரசத்தை ஊற்றினான்.

“அடுத்த தடவை சத்தி வரைக்கும் போய்ப் பாரு. அதுக்கப்புறம் காடுதான், அந்த ரோடு நல்லாருக்கும்.” ஓர் அப்பளத்தை எடுத்து அவள் தட்டில் வைத்தான். “அங்கிருந்து திரும்பறதுக்கு எட்டு மணி வரைக்கும் பஸ் இருக்குது. விசாரிச்சு வெச்சிருக்கறேன்.”

தாரணி தலையை ஆட்டினாள். பசி இருந்தது. இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள்.